ரெண்டும் வெள்ளைதான்

கடலைப் பார்த்த சுவரில் பெயிண்டர் சிங்காரம் முறத்தளவுக்கு இரண்டு சதுரம் அடித்துக் காட்டினான். ஒன்று பேர்ல் ஒயிட், இன்னொன்று ஐவரி. ஒன்று பால் என்றால் மற்றது ஆடை படிந்த பால், அவ்வளவுதான் வித்தியாசம். மாலா தலையை இப்படிச் சாய்த்தாள், அப்படிச் சாய்த்தாள். மகன் ரஞ்சித்துக்குப் பெண் கொடுக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை திருப்பாலைவனத்திலிருந்து வீடு பார்க்க வருகிறார்கள். சும்மாவா?

"இந்த ஐவரில கல்யாண வூட்டுக் களை இருக்குது. நீ இன்னா சொல்ற?" என்று புருஷன் ராஜவேலுவைக் கேட்டாள்.

அது லேசுப்பட்ட சுவர் இல்லை. முகத்துவாரத்தை மணல் மூடிக்கொண்டு வருகிறது. மீன்பிடி போட்டு உள்ளே நுழைய ஒரே ஒரு ஆழமான வழிதான். கடலிலிருந்து பார்க்கும்போது ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு நேர் கீழே மாலா வீட்டு வெள்ளைச் சுவர் வந்து நின்றால் அதுதான் வழி. தொட்டி தெரியாத பனி நாளில் சுவர் மட்டுமே கதி. அதற்காகவே பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடித்தார்கள். ராஜவேலு இருபத்தைந்து வருஷமாகக் கடலிலிருந்து பார்த்த சுவர். பாவி மனுஷன், அன்றைக்கு மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்த்தான்.

"ரெண்டும் வெள்ளைதான மாலா. ஒனக்குப் புடிச்சத அடி."

வெள்ளிக்கிழமை சாயந்திரத்துக்குள் சுவர் முழுக்க ஐவரி ஏறிவிட்டது. பார்த்தவர்கள் எல்லாரும் ஜோரு என்றார்கள்.

சனிக்கிழமை விடியுமுன் அப்பனும் மகனும் கடலுக்குப் போனார்கள். ஏழு மணிக்கு ஒரே மூடுபனி. வாசல் தெளித்த மாலா, புதுச்சுவரைத் தள்ளி நின்று பார்க்கும் ஆசையில் தண்ணீர் ஓரம் வரைக்கும் நடந்து, திரும்பினாள்.

வீட்டைக் காணோம்.

தொட்டியைப் பனி விழுங்கியிருந்தது. ஐவரிச் சுவர் மணல்மேட்டோடு மணல்மேடாகக் கலந்துவிட்டது. வெள்ளையாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று, தெற்கே நாலு வீடு தள்ளி லோகநாதனின் சுண்ணாம்புச் சுவர். அதற்கு நேரே வந்தால் மணல் திட்டு. போன மாசம்தான் அங்கே ஒரு போட்டு கவிழ்ந்தது.

கடல் பக்கம் எஞ்சின் சத்தம் கேட்டது. அவர்கள் எஞ்சின்தான், அவளுக்குத் தெரியாதா? போன் அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்?

"ஐயோ, அங்க போவாதய்யா! வடக்கால வா!" என்று கத்திக்கொண்டே வீட்டுக்கு ஓடினாள். மூலையில் சிங்காரம் விட்டுப்போன பேர்ல் ஒயிட் சாம்பிள் டப்பா இருந்தது. மூடியைப் பல்லால் பிடுங்கி அப்படியே சுவரில் வீசினாள். உள்ளங்கையால் தேய்த்தாள், முழங்கையால் தேய்த்தாள். இருந்ததே ஒரு டம்ளர் பெயிண்ட். எவ்வளவு தேய்த்தும் ஒரு பாய் அகலத்துக்குக்கூட வரவில்லை.

எஞ்சின் சத்தம் தெற்கே நகர்ந்தது. ஒருதரம் உறுமியது. பிறகு நின்றுவிட்டது.

கை நிறையப் பெயிண்டோடு மாலா கடலைப் பார்த்தபடி நின்றாள். தெற்கே பனிக்குள்ளிருந்து ரஞ்சித் "நைனா, நைனா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். பதில் குரல் வரவில்லை.