ராசியில்லாத கால்

"நீ உள்ளயே இரு. சின்னவன் குவாரி வேலைக்குக் கிளம்புறான், எதுக்க வந்து நிக்காத," என்றாள் மாமியார்.

மருமகள் ரப்பர் பூட்ஸில் காலை நுழைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் போனதிலிருந்து அவளுக்கு எதுவும் உறைப்பதில்லை. காப்பி சுட்டாலும் தெரியாது, திட்டினாலும் தெரியாது. ஒன்று மட்டும் தெரிந்திருந்தது: இன்று குவாரிக்குப் போகாவிட்டால், கல்லறுக்கும் கம்பிக்குத் தண்ணீர் விடும் வேலை வேறொருத்திக்குப் போய்விடும். அப்புறம் இந்த வீட்டு மூலையும், மாமியார் போடுகிற சோறும்தான் கதி.

"காது கேக்கலையா? புருஷனை முழுங்கினவ கால் வச்சா பாறை சரியும்னு ஊரே சொல்லுது!"

"அவரு மேல விழுந்தது கல்லு, அத்தே," என்றாள். கொழுந்தன் குனிந்த தலை நிமிரவில்லை.

ஊர் கிடக்கட்டும். அந்த மலை ஒரு காலத்தில் கடலடி. சிப்பியும் கிளிஞ்சலும் அடுக்கடுக்காகப் படிந்து, மேலே பாரம் ஏற, அடியில் சூடேற, வெந்து இறுகிச் சலவைக்கல் ஆயின. இடையில் சிக்கிய சேறு மட்டும் சாம்பல் பட்டையாக நின்றுவிட்டது. முதலில் வந்தவர்கள் மர ஆப்பை இறக்கி, நனைத்து ஊறவைத்துக் கல்லைப் பிளந்தார்கள். அடுத்து வந்தவர்கள் வெடி வைத்து, பாதி மலையைச் சல்லியாக்கினார்கள். இப்போது கம்பி அறுக்கிறது. எல்லாத் தலைமுறையும் ஒன்றைச் சொல்லிவைத்தது: மழை பெய்தால் அந்தப் பட்டைக்குக் கீழே நிற்காதே. முதலாளிக்கு அவசரம், மழையிலும் அவள் புருஷனை அங்கே நிற்க வைத்தார். பாறை வழுக்கி வந்தது. குவாரியில் இது தெரியாதவர் இல்லை. தெரிந்தும் பழியை அவள் தலையில் போட்டார்களே, வெட்கங்கெட்டவர்கள்!

குவாரி வாசலில் மேஸ்திரி கையை நீட்டி மறித்தார். அவருக்குப் பின்னால் லாரியில் ஒரு வெள்ளைப் பாளம், சங்கிலியால் கட்டியிருந்தது.

"இது அவரு மேல விழுந்ததுதானே, அண்ணே?"

"ஆமாம்மா... நல்லாக் கழுவியாச்சு."

"எங்க போகுது?"

"முதலாளி மக புது வீடு கட்டுறாங்க. கூடத்துக்குத் தரை போட."

"அதுக்கு ராசி பாக்கலையா?"

"நல்ல கல்லும்மா, ஒரு கீறல் இல்ல," என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். நீட்டிய கை தானாகத் தாழ்ந்தது.

அவள் பள்ளத்துக்குள் இறங்கி ரப்பர் குழாயைக் கையில் எடுத்தாள். மெஷின்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். ஆட்கள் ஒவ்வொருவராக மேலே ஏறினார்கள், கொழுந்தனும்தான். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நின்றுபோன கம்பி மேல் தண்ணீரை விட்டுக்கொண்டு, சாயங்காலச் சங்கு ஊதும்வரை அங்கேயே நின்றாள். பயம்கூட வரவில்லை. பாறை அசையவில்லை.

அவள் ஏறி வந்தபோது எல்லாரும் வாசலில் கூடியிருந்தார்கள்.

"பாத்தியா? நாங்க ஏறி வந்ததாலதான் இன்னைக்குப் பாறை சரியல," என்றார் மெஷின்காரர்.

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"சரிண்ணே. நாளைக்கும் வருவேன். நாளைக்கும் ஏறிக்கோங்க."