ராசியில்லாத கையும் மார்ச் மாதப் பனியும்

எங்கள் தெருவில் பேரி மரங்கள் வெள்ளையாகப் பூத்துவிட்டால் குளிர்காலம் முடிந்தது என்று அர்த்தம். புல் வெட்டும் எந்திரங்களை எல்லோரும் வெளியே இழுத்துத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஓடெல் ஃபின்சர் மட்டும் அந்த மரங்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "வெள்ளையா எது விழுந்தாலும் ஒரு நிமிஷம் நெஞ்சு திக்குங்குது. கிட்டப் போய்ப் பார்த்தா பூ" என்று என்னிடமே நொந்துகொண்டிருக்கிறார்.

எங்கள் அலபாமாவில் பனி விழுவது, கோபித்துக்கொண்டு போன தாய்மாமன் கல்யாணத்துக்கு வருவது மாதிரி. வந்தாலும் வருவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவரோ பக்கத்து மாநிலத்தோடு திரும்பிவிடுவார். மற்றவர்கள் வராவிட்டால் போகட்டும் என்று விட்டுவிடுவோம். விடாத கூட்டம் ஒன்று எங்கள் ஊரில் இருக்கிறது. இணையத்தில் இவர்களுக்கென்று ஒரு மன்றம். வானிலை வரைபடம் புதிதாக வரும்போதெல்லாம், அடுப்பில் எது கருகினாலும் சரி, அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். பத்து நாள் தள்ளி என்ன வரும் என்று பார்த்தால் ஊரே முழங்கால் பனியில் கிடக்கும். கிட்ட வரவர அது இளைக்கும். அன்றைக்கு வந்து சேருவது குளிர் மழை. அடுத்த நாள் மறுபடி பத்து நாள் தள்ளிப் பார்ப்பார்கள்.

இவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. பனி வரும்போல இருந்தால் மன்றத்தில் அதற்கென்று தனித் திரி, அதாவது எல்லோரும் எழுத ஒரு பக்கம், தொடங்க வேண்டும். ஆனால் கண்டவரெல்லாம் தொடங்கக் கூடாது, முந்தியும் தொடங்கக் கூடாது. சீக்கிரம் தொடங்கினால் பனி வெட்கப்பட்டு ஓடிவிடுமாம். கைராசிக்காரி லவோன் டிட்வெல், தெருமுனையில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவள். அவள் தொடங்கிய திரிக்கு ஒரு தடவை தெருவே மறையும்படி பனி கொட்டியது. ஓடெல் இரண்டு தடவை தொடங்கியிருக்கிறார். இரண்டும் மழை. மூன்றாவது தடவை தொட்டால் மன்றத்தை விட்டே விலக்குவோம் என்று எல்லோரும் சேர்ந்து சொல்லிவைத்திருந்தார்கள்.

இந்த வருஷம் அவருக்கு அவசரம் இருந்தது. மனைவி ரோண்டாவுக்கு மூட்டுவலி. புளோரிடாவில் தங்கை வீட்டுப் பக்கம் போய்விடலாம் என்று அவள் முடிவுகட்டி, வீட்டையும் விற்றாயிற்று. மாதக் கடைசியில் கிளம்ப வேண்டும். அங்கே பனி என்ற பேச்சுக்கே இடமில்லை. வடக்கே, பனி விழும் டென்னசி மலைக்கு வண்டியில் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று நானும் யோசனை சொன்னேன்.

"அது யார் வீட்டுப் பனியோ" என்றார். "என் பிள்ளைங்க வளர்ந்த வீடு இது. இந்தக் கூரை மேல, அந்தத் தபால்பெட்டி மேல விழணும். அதைக் கடைசியா ஒரு தடவை பார்த்துட்டா, எங்க வேணா கூட்டிட்டுப் போகட்டும்."

மார்ச் முதல் வாரம், பூக்களுக்கு நடுவில், வரைபடத்தில் பனிக்கான நீலம் வந்தது. அந்தச் சனிக்கிழமைக்கென்று. செவ்வாய்க்கிழமை நான் லவோன் கடையில் தலையை முடி உலர்த்தும் எந்திரத்துக்குள் கொடுத்து உட்கார்ந்திருந்தபோது ஓடெல் உள்ளே வந்தார். எந்திரம் இரைந்தாலும் எனக்குக் காது கேட்கும்.

"லவோன், இன்னைக்கே தொடங்கிடேன்."

"வியாழக்கிழமை."

"ரெண்டு வரைபடமும் ஒத்துப்போகுது."

"ரெண்டு சம்பந்தியும் ஒத்துப்போனா தாலி கட்டியாச்சுன்னு அர்த்தமா? வியாழக்கிழமைன்னா வியாழக்கிழமை."

"எனக்கு அடுத்த வருஷம் கிடையாது, லவோன்."

கத்தரிக்கோல் நின்றது. "அது யாருக்குத் தெரியாது? அதனாலதான் சொல்றேன். போய்ப் பேசாம உட்காரு. கையை வெச்சுக்கிட்டுச் சும்மா இரு."

சும்மா இருந்தாரா? அன்று சாயங்காலமே திரியைத் தொடங்கிவிட்டார். அதற்கு அவர் வைத்த தலைப்பு, 'இந்தத் தடவை வரும்'.

மறுநாள் காலை வரைபடத்தில் நீலத்தைக் காணோம். மொத்தமும் டென்னசிக்கு ஏறிப்போய்விட்டது. மன்றத்தில் அவரை வைத தினுசுகளைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. ஊரைவிட்டே போகிறவரை விலக்கி என்ன ஆகப்போகிறது என்று அதை மட்டும் விட்டுவிட்டார்கள். லவோன் ஒரே வார்த்தைதான் போட்டாள்: போச்சு. அதற்குப் பிறகு அவரோடு பேச்சில்லை. முடிவெட்டப் போனவரை, காலியாக இருந்த நாற்காலியைத் துடைத்துக்கொண்டே, "இடமில்லை" என்று திருப்பி அனுப்பினாள்.

"பள்ளிக்கூடப் பிள்ளைங்க மாதிரி பைஜாமாவ உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி போட்டுட்டுப் படுக்குறான்" என்று ரோண்டா என்னிடம் வேலியோரம் சொன்னாள். "அப்படிப் படுத்தா பனி வருமாம். பெட்டி கட்டச் சொன்னா ஜன்னல்கிட்டப் போய் நிக்கிறான். நான் என்னமோ கொலை பண்ணக் கூட்டிட்டுப் போற மாதிரி."

"நீ கடலுக்குத்தானே கூட்டிட்டுப் போற."

"அதைத்தான் சொல்றேன். கடலைப் பார்த்து அழுகுற ஆம்பளைய நீ பார்த்திருக்கியா? நான் பார்க்கப்போறேன்."

சனிக்கிழமை மளிகைக் கடையில், பனிக்குப் பயந்து வாங்கிக் குவித்ததில், ரொட்டியும் பாலும் வழக்கம்போல் தீர்ந்துபோயின. வராத பனிக்கும் எங்கள் ஊரில் ரொட்டி தீரும். மதியம் மழை பிடித்தது. ஃபாரன்ஹீட் கணக்கில் முப்பத்திரண்டுக்கு இறங்கினால்தான் உறையும். ஓடெல் வீட்டு வெப்பமானி முப்பத்தாறில் உட்கார்ந்துகொண்டு அசைய மறுத்தது. ஆனாலும் கூட்டம் அவர் கார்க் கொட்டகையில் கூடியது. திட்டினாலும் விருந்து விருந்துதான், ரோண்டா ஒரு பானை நிறையக் கறிக் குழம்பு வைத்திருந்தாள். லவோனும் வந்தாள், ஓடெலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள். நான் சோளரொட்டி கொடுத்துவிட்டுத் திரும்பத்தான் போனேன். இப்படிப்பட்ட இடத்தைவிட்டு யாரால் திரும்ப முடியும்?

அந்த நேரம் பார்த்து வீட்டை வாங்கியவள் வந்து சேர்ந்தாள். ஜனீன் ஹூக்ஸ்ட்ரா, மிஷிகன்காரி. திரைச்சீலைக்கு ஜன்னல் அளக்க நாடாவோடு வந்திருந்தாள். வளர்ந்த மனிதர்கள் வரிசையாக நின்று மழையைப் பார்ப்பதைக் கண்டு, "யாராவது தவறிட்டாங்களா?" என்று என்னிடம் மெல்லக் கேட்டாள்.

"இன்னும் இல்ல" என்றேன். "பனிக்காக நிக்கிறாங்க."

"பனியா? ஐயோ, அதுக்குப் பயந்துதானே நாங்க ஊரையே காலி பண்ணிட்டு வந்திருக்கோம். அள்ளி அள்ளி என் வீட்டுக்காரருக்கு இடுப்பே போச்சு."

ஓடெல் அவளை இந்தப் பக்கம் வரச் சொன்னார். "வானத்தைப் பார்க்காதீங்க அம்மா, வெள்ளைக்கு நடுவுல வெள்ளை தெரியாது. அதோ அந்த மக்னோலியாவப் பாருங்க. இலை கறுப்பா இருக்கில்ல, முதல்ல அங்கதான் தெரியும். இந்த வீட்டுல இருந்து பார்க்கணும்னா அந்த மரம்தான். தயவுசெஞ்சு வெட்டிடாதீங்க."

பாவம், அவளும் நாடாவைக் கையில் பிடித்தபடியே பார்த்தாள். வீட்டை விற்றவர் சொல்கிறார், மரியாதைக்காவது பார்க்க வேண்டுமே. மழை விழுந்தது. யாரோ இருமினார்கள். ஓடெல் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைக்க ஆரம்பித்தார்.

"அதோ ஒண்ணு" என்றாள் ஜனீன்.

எல்லோரும் திரும்பினோம்.

"மழையோட வந்துச்சு. மழை மாதிரி விழல, மெதுவா இறங்குச்சு. எனக்குத் தெரியாதா பனி? இலைக்குக் கீழ போயிடுச்சு."

ஓடெல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொட்டகையின் விளிம்புவரை போனார். "எங்க? எந்தக் கிளை?"

மழைதான் விழுந்தது. கூட்டத்தில் ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஒருத்தர் பார்த்தால் கணக்கில்லை, இன்னொரு சாட்சி வேண்டும் என்றார். மன்றத்தில் பதிவதற்கு அதுவும் ஒரு சட்டமாம். அதிலும் வெளியூர்க்காரி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓடெலும், ஆமாம் என்று ஒரு சொல் சொல்லிவிடுபவர் போலத்தான் வாயைத் திறந்தார். ஆனால், "நான் பார்க்கல" என்றார்.

"நான் பார்த்தேன்" என்றாள் லவோன்.

ஓடெல் பக்கம் திரும்பாமலே சொன்னாள். அப்புறம் கைபேசியை எடுத்து, அவர் திரியிலேயே பதிவுசெய்தாள்: ஃபின்சர் வீடு, மாலை, மழையோடு பனி, சாட்சி இருவர். ராசியில்லாத கை தொடங்கிய திரியில், கைராசிக்காரியின் கையெழுத்து. யாரும் மறுத்துப் பேசவில்லை.

நான் லவோனுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஜனீன் 'அதோ' என்ற நேரத்தில் லவோன் சோளரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். இதை நான் ரோண்டாவிடம் மட்டும்தான் சொன்னேன், பிறகு தபால்காரரிடம்.

எல்லோரும் சாப்பிட உள்ளே போனார்கள். ஓடெல் மட்டும் போகவில்லை. மரத்தடிக்கே போய் நனைந்துகொண்டு, கீழ்க்கிளை இலைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோண்டா தொப்பியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"உள்ள வா ஓடெல். அதான் எழுதியாச்சே, உன் வீட்டுல பனி விழுந்துச்சுன்னு."

"விழுந்துச்சு" என்றார் அவர். "நான் கண்ணாடி துடைச்சுட்டு இருந்தேன், ரோண்டா."

அவள் தொப்பியை அவர் தலையில் அழுத்தினாள். மூட்டுவலிக்காரி, ஈரப் புல்லில், அவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவளும் மரத்தைப் பார்க்க ஆரம்பித்தாள்.