மாப்பிள்ளைக்குக் கட்டிய நுளம்பு வலை

சுனாமிக்குப் பிறகு கல்முனைக்கு அருகே எழுந்த தகரக் கொட்டில் முகாமில் மலேரியா ஒழிப்புக் குழு அமைந்தபோது, அபூசாலி ஹாஜியார் அதற்கும் தலைவரானார். தண்ணீர்க் குழுவும் மையவாடிக் குழுவும் ஏற்கெனவே அவர் கையில்தான் இருந்தன. குடிப்பதும் மண்ணில் அடங்குவதும் அவர் தலைமையில் நடக்க, நடுவே நுளம்பு மட்டும் தலைமையில்லாமல் பறந்துகொண்டிருந்தது.

வெளிநாட்டு நிறுவனமொன்று கொட்டிலுக்கு ஒரு வலை கொடுத்தது. ஹாஜியார் ஒலிபெருக்கியில் முழங்கிவிட்டு, மறுகிழமை பார்வையிடக் கிளம்பினார். எல்லா இடத்திலும் வலை கட்டியிருந்தது. உள்ளேதான் ஆளில்லை.

சுஹறாவின் கொட்டிலில் புதுக் கட்டில், புது மெத்தை, மேலே நீல வலை. கீழே பாயில் அவள் மகள் பஸ்லியா இரண்டாம் முறையாக மலேரியாக் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை வந்தால் உடம்பு தாங்காது என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

"புள்ளய வலைக்குள்ள படுக்கப் போடுங்களன், சுஹறா."

"அது மாப்பிள்ளைக்குக் கட்டினது ஹாஜியார்."

"மாப்பிள்ளை எங்க?"

"இன்னும் கிடைக்கல்ல."

ஹாஜியாருக்கு நியாயம் விளங்கிற்று. பெண் வீட்டில் குடிவரும் மாப்பிள்ளைக்கு ஆள் படுத்த கட்டிலையா காட்டுவது? கடல் வீடுகளைத்தான் கொண்டுபோயிருந்தது, வழக்கத்தைத் தொடவில்லை. அவர் வீட்டு வலையும் வரப்போகும் மருமகனுக்காகத் தொங்க, அவர் தேங்காய் மட்டைப் புகைக்குள் இருமிக்கொண்டு படுத்தார். அந்த முகாமில், இன்னும் வராத மாப்பிள்ளைமாரில் ஒருவரைக்கூட நுளம்பு கடித்ததில்லை.

"நான் மௌத்தானா வலையையா நிக்காஹ் முடிப்பாரு?" என்றாள் பஸ்லியா, போர்வைக்குள்ளிருந்து.

குழு அவசரமாகக் கூடியது.

"அந்தப் புள்ளைக்கு இன்னொரு வலை குடுப்பமே," என்றார் உறுப்பினர் சீனிமுகம்மது.

"குடுத்தா அதையும் மாப்பிள்ளைட தம்பிக்கு எடுத்து வெப்பாக. மாப்பிள்ளையக் கொண்டாந்தா பிரச்சின முடிஞ்சி," என்றார் ஹாஜியார்.

மலேரியா ஒழிப்பின் அடுத்த கட்டமாக, அப்துல் ஸமட் என்ற மேசன் கண்டுபிடிக்கப்பட்டான். பஸ்லியா குளிர் விட்டு எழும்பியதும் நிக்காஹ் நடந்தது. நிக்காஹை விட, நுளம்பைப் பற்றிய ஹாஜியாரின் உரை நீளமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து, திட்டத்தின் வெற்றியைப் பார்க்க விடியற்காலை சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு ஹாஜியார் வந்தார். வாசலில் பாய் போட்டு மாப்பிள்ளை கிடந்தான். முகமெல்லாம் தடித்திருந்தது.

"என்ன மகன், வெளிய?"

"வலையில மருந்து வாசம் ஹாஜியார். கண் எரியிது. நமக்கு ஒத்துவராது."

கட்டிலில், வலைக்குள், கையையும் காலையும் பரப்பிக்கொண்டு பஸ்லியா உறங்கினாள். சுஹறா பதறிப்போய் அவளை உலுக்கினாள்.

"எறங்கு புள்ள! மாப்பிள்ளை கீழ, நீ மேலயா? சனம் என்ன கதைக்கும்?"

பஸ்லியா கண் திறக்கவில்லை.

"அவருக்குப் பாய் புடிச்சிரிக்கி உம்மா. கட்டில் இப்ப எண்ட. வலைய விடுங்க, நுளம்பு வருகுது."

சுஹறா வாசலைப் பார்த்தாள். மாப்பிள்ளை முதுகைச் சொறிந்துகொண்டு மறுபக்கம் புரண்டான். அவள் குனிந்து, வலையின் ஓரத்தை மெத்தைக்கடியில் சுற்றிவரச் சொருகினாள்.