ரோஜா பறிப்புக்கு முன் செஷ்மே போய் வருவது

காரில் கிளம்பிப் போன ஒருவன் கப்பலிலும் விமானத்திலும் ஏறி வீடு திரும்பினால், கார் எந்த நாட்டில் நிற்கும்? உங்களால் சட்டென்று சொல்ல முடிந்தால் அன்று சாயங்காலம் நீங்கள் தோப்ரியின் வீட்டில் இருந்திருக்க வேண்டும். நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து குழம்பிக்கொண்டிருந்தோம்.

தோப்ரி எனக்குப் பக்கத்து வீடு. கார்லோவோ பட்டணத்தைத் தாண்டி எங்கள் ஊர் முழுக்க ரோஜாத் தோட்டம். அவனுக்கும் அவன் மனைவி யோர்தாங்காவுக்கும் வருஷச் சாப்பாடே மே மாதப் பூவில்தான். மகள் மிலேனா துருக்கியில், கடலோரம் செஷ்மேவில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவளுக்குப் பிரசவ நேரம். பிறந்த பிறகு நாற்பது நாள் மகள் கூடவே இருக்க வேண்டும் என்று யோர்தாங்கா தவித்தாள். இங்கேயோ பூ மொட்டு கட்டிவிட்டது. தோப்ரி உடனே திரும்பியாக வேண்டும்.

எனக்கு வீட்டில் பேச ஆளில்லை. கூப்பிட்டதும் போய்விட்டேன்.

தோப்ரி சாலட் தட்டையே வரைபடமாக ஆக்கியிருந்தான். தக்காளித் துண்டு எங்கள் ஊர். வெள்ளரி துருக்கி. நடுவில் ஒரு ஆலிவ் காய், கிரேக்கத் தீவு.

"தொட்டில், மெத்தை, ஊறுகாய் ஜாடி எல்லாத்தையும் கார்ல ஏத்தி இவள அங்க விட்டுர்றேன். வண்டியும் அங்கயே நிக்கட்டும். நான் கப்பல்ல தீவுக்குப் போயி, அங்கருந்து ஏதென்ஸ், அப்புறம் நம்ம தலைநகர் சோபியான்னு பறந்து வந்துர்றேன். பறிப்பு முடிஞ்சதும் போயி இவளயும் வண்டியயும் கூட்டிட்டு வரேன்."

யோர்தாங்காவின் தம்பி ஸ்லாவி லாரி ஓட்டுகிறவன். அவன் ஆலிவ் காயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"டேய், அது தீவுடா."

"இருக்கட்டும் மச்சான். உன்னால அந்தத் தீவுக்குப் போக முடியாது. துருக்கி எல்லையில வண்டி ஓட்டிட்டு வர்றவன் பேர்லதான் வண்டியப் பதிவு பண்ணுவாங்க. வண்டி இல்லாம உன்ன வெளிய விடமாட்டாங்க."

தோப்ரி அவன் துப்பிய கொட்டையையே பார்த்தான். "அப்ப வண்டியயும் கப்பல்ல ஏத்திர்றேன்."

"ஏத்தி? விமானத்துல மடியில வச்சுக்குவியா?"

"தீவுலயே நிறுத்திட்டு வரேன்."

"அக்கா எதுல திரும்புவா?"

"அவ தீவுக்கு வந்து..." என்று தொடங்கி, வெள்ளரியை நகர்த்தி, பழைய இடத்திலேயே வைத்தான்.

"ஸ்லாவி ஓட்டிட்டுப் போனா?" என்றேன்.

"எனக்கு நாளைக்கு ஜெர்மனிக்கு லோடு இருக்குங்க."

யோர்தாங்கா ரொட்டியைப் பிய்த்தபடி சொன்னாள். "எல்லையில நான் ஓட்டுறேன்."

தோப்ரி சிரித்தான். "நீ வாசல்ல வண்டிய எடுத்தாலே நாலு கோழி சாகும்டி."

"டிராக்டர் ஓட்டுறப்ப எத்தன கோழி செத்துச்சு? லைசென்ஸ் சும்மாவா வாங்கி வச்சிருக்கேன்? வண்டி யாரு பேர்ல இருக்கு?"

"எங்கப்பா அக்காவுக்குத்தான் குடுத்துட்டுப் போனாரு" என்றான் ஸ்லாவி, யாரையும் பார்க்காமல்.

"சரி, எல்லையில மட்டும் நீ உக்காரு. அதுக்கு முன்னயும் பின்னயும் நான் ஓட்டுறேன்" என்றான் தோப்ரி.

"துருக்கிக்குள்ள நீ ஓட்டி போலீஸ் மறிச்சா? பதிவு அக்கா பேர்லல்ல இருக்கும்?" என்றான் ஸ்லாவி.

"அப்ப அங்கயும் அவளே ஓட்டட்டும். நான் பக்கத்துல உக்காந்து வழி சொல்றேன்."

"வழியத்தான் போன் சொல்லுதே" என்றாள் யோர்தாங்கா. "அப்ப நீ எதுக்குய்யா வர்ற?"

தோப்ரி யோசித்தான். "தொட்டில யாரு தூக்குவா?"

"மருமகன் தூக்குவான்."

காலையில் தெளிவாகப் பேசலாம் என்று தோப்ரி தட்டை எடுத்து உள்ளே வைத்தான். அவன் திரும்பி வந்தபோது யோர்தாங்கா ஜாடிகளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை வாசலில் கார் இல்லை. யோர்தாங்கா தொட்டிலோடு தனியாகக் கிளம்பிப் போயிருந்தாள். தோப்ரி தோட்டத்தில் மொட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.