மழைக்குப் பிறகும் வெளுத்துக் கிடந்த சரிவு

மழை பெய்து மூன்று நாளாகியும் சரிவு வெள்ளையாகவே கிடந்தது. தேயிலை மாதிரி ஊற வைத்துக் குடிக்கிற மாத்தே செடிகளுக்கு நடுவில் குந்தி உட்கார்ந்து தொட்டுப் பார்த்தேன். காய்ந்த பாலேடு மாதிரி படிந்திருந்தது, நகத்தால் நிமிண்டினால் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து வந்தது. ஏழு வருஷமாக இந்தச் சரிவில் உரமாகக் கல்மாவு தூவுகிறோம். எங்கள் மலையின் கறுப்பு எரிமலைக் கல்லைக் குவாரியில் உடைக்கும்போது அடியில் விழுகிற தூள்தான் அது. முதல் மழையிலேயே கறுத்து, செம்மண்ணுக்குள் இறங்கி, எங்கே போட்டோம் என்றே தெரியாமல் போய்விடும். இது போகவில்லை. வெயிலில் மினுக் மினுக்கென்று வேறு மின்னியது.

முப்பது வருஷம் புகையிலை போட்டுப் போட்டு இந்த மண்ணைச் சக்கையாக்கியது நாங்கள்தான். காட்டோரத்துப் பைன் மரங்கள்கூட நுனி மஞ்சளாகி நின்றன. கல்மாவு போட ஆரம்பித்து மூன்றாம் வருஷம் மாத்தே இலை கறுகறுவென்று வந்தது, மண்ணைக் கிளறினால் புழு நெளிந்தது. பைன் மரங்களும் தலை நிமிர்ந்தன. கல் கரையும்போது காற்றிலிருக்கிற கரியையும் பிடித்துப் பூட்டி வைக்கும் என்று விவசாய ஆபீஸ் பெண் சொன்னாள். பக்கத்து நிலத்து ஈவோ சும்மா இருப்பாரா? "அப்ப என் சுருட்டுப் பொகைக்கும் சேத்து ரெண்டு மூட்டை போடும்மா" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் தார்சியிடம் கேட்டேன். கொட்டகையில் வெட்டுக்கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்.

"இந்த மாவு எங்கேர்ந்து வந்துச்சு?"

"குவாரிலேர்ந்துதான். வேற எங்கேர்ந்து?"

என் முகத்தைப் பார்க்கவில்லை. நாற்பது வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அது போதாதா? கத்தியைப் பிடுங்கி வைத்துவிட்டு மறுபடியும் கேட்டேன்.

"குவாரி மெஷின் ஒடைஞ்சு கெடக்கு, ஒந்தீனா. டவுன்ல கல்லறைக் கல்லு அறுக்கற பட்டறை இருக்குல்ல, அங்க சேறு குவிஞ்சு கெடந்துச்சு. காஞ்சதா பாத்து அள்ளிட்டு வந்தேன். பல்லுல வெச்சுப் பாத்தேன். அதே நைசு, அதே நறநறப்பு. கல்லு கல்லுதானே?"

எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான் அது. ஒரு சிட்டிகை மாவைப் பல்லிடுக்கில் கடித்துப் பார்த்து, "ம், நல்லா அரைச்சிருக்கான்" என்போம். மாவின் நைஸ் அதில் தெரியும். எந்த ஊர்க் கல், அதோடு என்ன கலந்திருக்கிறது என்பதெல்லாம் எந்தப் பல்லுக்குத் தெரியும்? அந்தப் பட்டறையில் ரம்பத்துக்கு எண்ணெய் ஊற்றுவார்கள். இரும்பு தேய்ந்து விழும். கல்லைக் கண்ணாடி மாதிரி பளபளப்பாக்க என்னென்னவோ பொடி தேய்ப்பார்கள். எல்லாம் அந்தச் சேற்றில்தான் போய் இறங்கும்.

சரிவுக்குக் கீழேதான் ஊற்று. அங்கிருந்து மூன்று வீட்டுக்குக் குழாய் போகிறது: எங்களுக்கு, ஈவோவுக்கு, லெயோனிக்கு. லெயோனி என் மகனுக்கு ஞானத்தாய், அதனால் நாங்கள் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிடுவோம். அவள் மருமகள் ஜொசியானிக்கு இது ஆறாம் மாதம். போன தடவை நான்காம் மாதத்தில் கலைந்துபோனது.

"நாளன்னிக்கு எல்லாரும் வந்து பாத்துட்டுப் போயிடட்டும்," என்று தார்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்புறம் நானே எல்லாத்தையும் சொரண்டி அள்ளிடறேன். யாருக்கும் தெரிய வேணாம்."

எங்கள் குழுவில் இயற்கை விவசாயத்துக்கு முத்திரை கொடுக்க வெளியிலிருந்து அதிகாரி யாரும் வருவதில்லை. அக்கம்பக்கத்தார்தான் ஒருவர் நிலத்தை இன்னொருவர் நடந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவோம். ஒரு வீட்டில் பொய் என்றால் எல்லா வீட்டு முத்திரையும் போகும். போன வருஷம் லெயோனி நிலத்துக்கு நான் போட்டேன். இந்த வருஷம் அவள் எங்களுக்குப் போட வேண்டும்.

அந்த இரண்டு நாளும் நான் செய்த காரியத்தைச் சொல்லவே வாய் கூசுகிறது. தூரத்து ஓடையிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து வந்தேன். எங்கள் வீட்டுக்கு மட்டும்.

சொன்ன நாள் காலையில் லெயோனி, ஜொசியானி, ஈவோ மூன்று பேரும் வந்தார்கள். "கொமாத்ரே வீட்டு மாத்தேவுக்காகத்தான் வந்தேன். நெலத்த யாரு பாத்தா?" என்றாள் லெயோனி. சுரைக்குடுவையில் இலைத்தூள் போட்டு வெந்நீர் ஊற்றினேன். முதல் குடுவையை அதைப் போட்டவளேதான் குடிக்க வேண்டும், குடித்தேன். அடுத்தது லெயோனிக்கு. அதற்கடுத்தது ஜொசியானிக்கு. அவள் குடுவையில் செருகியிருந்த வெள்ளிக் குழலை உறிஞ்சிவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"தண்ணி என்ன வேற மாதிரி இருக்கு? நம்ம ஊத்துத் தண்ணி இல்லையே இது."

"மாசமா இருக்கறவ நாக்கு நாய் மூக்கு மாதிரி," என்றார் ஈவோ.

"போங்க மாமா! ஒரு வாரமா ஊத்துத் தண்ணியா குடிச்சுத் தீக்கறேன். இவன் உள்ளேர்ந்து கேட்டுட்டே இருக்கான்."

தார்சி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். லெயோனி பையிலிருந்து காகிதத்தை எடுத்து முட்டியின் மேல் விரித்தாள். "உங்க நெலம் எனக்குத் தெரியாதா? சரிவு ஏறினா முட்டி வலிக்குது. போட்டுடறேன் கொமாத்ரே," என்று பேனாவைத் திறந்தாள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அவள் போட்டிருப்பாள். ஜொசியானி குழலில் இன்னொரு வாய் உறிஞ்சினாள், அவள் தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்தேன்.

"போடாதீங்க கொமாத்ரே."

எல்லாவற்றையும் சொன்னேன். எந்த வரிசையில் சொன்னேன் என்று நினைவில்லை. பட்டறை, சேறு, ஊற்று. ஜொசியானி குடுவையை அப்படியே தரையில் வைத்தாள்.

"எத்தன நாளா?" என்றாள் லெயோனி.

"போட்டுப் பதினோரு நாளு. மழை பேஞ்சு அஞ்சு நாளு."

"ஒனக்குத் தெரிஞ்சு?"

"ரெண்டு."

அடுப்பின் மேலிருந்த கெட்டிலைப் பார்த்தாள். வாசலோரம் கவிழ்த்திருந்த வாளியைப் பார்த்தாள். "உங்க வீட்டுக்கு மட்டும் ஓடத் தண்ணி," என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஈவோ எழுந்து, "டேய் தார்சி, மம்பட்டி எங்க?" என்று கேட்டார். அவர் குரலில் கேலியே இல்லாமல் நான் கேட்டது அன்றைக்குத்தான். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. இன்னொரு மழை பெய்தால் மிச்சமும் ஊற்றில்தான் இறங்கும். ஆண்கள் இரண்டு பேரும் ஊற்றுக்கு மேலே குறுக்காகக் கால்வாய் வெட்ட ஆரம்பித்தார்கள். தார்சி வெட்டிய வேகத்துக்கு மூச்சு இரைத்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. லெயோனி விவசாய ஆபீசுக்குப் போன் போட்டாள். சோதனைக்கு மாவில் ஒரு பை, தண்ணீரில் ஒரு பாட்டில் அனுப்பணுமாம், சுத்தமான பாட்டிலாக இருக்க வேண்டுமாம். முடிவு சொல்ல இருபது நாளாகுமாம்.

"நான் புடிக்கறேன் குடு," என்று பாட்டிலுக்குக் கை நீட்டினேன். ஜொசியானி தரவில்லை. வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஊற்றுக் கல்லின் மேல் மெல்லக் குனிந்து, அவளே பாட்டிலை முக்கிப் பிடித்து, மூடி திருகினாள். பிறகு அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினாள். நாங்கள் மூன்று பெண்களும் அண்ணாந்து பார்த்தோம். ஒரு தூசி இல்லை. பாட்டில் வழியே பைன் மரத்து உச்சி வளைந்து தெரிந்தது. அவள் பாட்டிலை லெயோனியிடம் கொடுத்துவிட்டு, ஈரக் கையை யோசிக்காமல் வயிற்றின் மேல் துடைத்துக்கொண்டாள். கவுனில் ஐந்து விரலும் ஈரமாகப் பதிந்து நின்றன.