வெள்ளோட்டத் தாள்

இதனால் சகலருக்கும் அறியத்தருவது என்னவென்றால், தலவாக்கலைக்கு மேலே, பாதி நாள் மூடுபனிக்குள் காணாமல் போகும் ஒரு தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், மனித மனத்தின் கடைசிப் பூட்டு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திறக்கப்படவிருந்தது. சாவி கொழும்பிலிருந்து வேனில் வந்துகொண்டிருந்தது. அதன் பெயர் பேராசிரியர் சுதாகரன்.

'மலையக முதியோரிடையே தனிமையுணர்வு' என்பது ஆய்வு. தோட்டத் தலைவர் வீரய்யா அதைக் கோயில் ஒலிபெருக்கியில் மூன்று முறை அறிவித்தார். அந்த ஒலிபெருக்கி சாவுக்கும் திருவிழாவுக்கும் மட்டுமே வாய் திறக்கும் என்பதால், முதல் தடவை பலர் யார் போனது என்று விசாரித்தார்கள். அறுபது வயது தாண்டிய எண்பத்து மூன்று பேரில் இருபது பேர் சீட்டுக் குலுக்கித் தெரிவாவார்கள் என்றதும், தெரிவானவர்களுக்கு ஏழு பேர்ச் அளவுக் காணியில் தனி வீடு என்று ஒரு பேச்சு கிளம்பி, பகலுக்குள் மேல்பிரிவு வரை போய்விட்டது. தலைவர் மறுக்கவில்லை. மறுத்தால் கூட்டம் குறையும்.

அழகுமுத்துவுக்கு வீடு வேண்டியிருக்கவில்லை. அவரிடம் ஒன்பதாவது கேள்வியை இன்னொரு தடவை யாராவது கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

பத்து நாளைக்கு முன்பு பேராசிரியரின் மாணவி தனுஜா கேள்வித்தாளோடு தனியாக வந்திருந்தாள். ஹட்டன் ஊர்ப் பிள்ளை. கேள்விகள் விளங்குகின்றனவா, ஒரு தாளுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் வெள்ளோட்டம் அது. அதற்கு ஆளைத் தெரிவு செய்த முறைக்குப் புத்தகத்தில் கௌரவமான பெயர் உண்டு. நடந்தது என்னவென்றால், மழை பிடித்துக்கொண்டது. லயத்து வீட்டு வரிசையில் ரோட்டோரமாக இருந்த முதல் கதவு அழகுமுத்துவுடையது.

அவர் கதிரையைத் துவாயால் இரண்டு தடவை துடைத்துப் போட்டார். தேத்தண்ணி ஊற்றினார். முப்பது கேள்வி என்றாள். ஃபெக்டரியில் கொழுந்து வாட்டிய முப்பத்தைந்து வருடத்தில் அவரிடம் மொத்தமாகவே யாரும் முப்பது கேள்வி கேட்டதில்லை. மனைவி போய் மூன்று வருடம். கொழும்பில் துணிக்கடையில் நிற்கும் மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுத்து, சாப்பிட்டீங்களாப்பா என்று கேட்பான்; பதில் போய்ச் சேருவதற்குள் அங்கே வாடிக்கையாளர் வந்துவிடுவார்.

கேள்விகள் வந்தபோது அழகுமுத்து செய்த காரியம், தோட்டத்துத் துரை முன்னாலும் வேலை மேற்பார்க்கும் கண்டாக்கு முன்னாலும் காலமெல்லாம் நின்று பழகிய எவரும் செய்யக்கூடியதுதான். குறையொன்றும் இல்லை என்றார். பேச ஆள் உண்டா? லயமே இருக்கிறதே. தூக்கம் வருகிறதா? படுத்ததும். ஒன்பதாவது கேள்வி, கடைசியாக எப்போது இன்னொருவரோடு உட்கார்ந்து சாப்பிட்டீர்கள் என்பது. நேற்றுத்தான் என்றார். நேற்று எதிரே இருந்தது ரேடியோ. தனுஜா மணிக்கூட்டைப் பார்த்தாள். பதினொரு நிமிடம் என்று குறித்துக்கொண்டாள். மழை விட்டதும் போய்விட்டாள்.

அதன்பின் பத்து நாளும் அவர் சரியான பதில்களைச் சொல்லிக்கொண்டிருந்தார், அடுப்படியில், லீக்ஸ் நறுக்கியபடி, சுவரைப் பார்த்து. சுவர் குறுக்கே பேசவில்லை. குறித்துக்கொள்ளவும் இல்லை.

சனிக்கிழமை முகச்சவரம் செய்து, தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கோயில் முன்றலில் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார்.

பேராசிரியர் எழுமாற்றுத் தெரிவு பற்றி நாற்பது நிமிடம் பேசினார். ஒவ்வொருவருக்கும் சமவாய்ப்பு; முகம் பார்ப்பதில்லை, சிபாரிசு இல்லை; இதுவே விஞ்ஞானத்தின் ஜனநாயகம் என்றார். கொழுந்துக் கூடையில் சீட்டுகளைப் போட்டு, கோட்டுக் கையை மடித்துவிட்டுத் தானே கிளறினார்.

"நல்லாக் கிண்டுங்க சேர்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "தலைவரு மச்சான் பேரு மேலேயே கெடக்கப் போவுது."

பதினேழாவது சீட்டில் அழகுமுத்துவின் பெயர் இருந்தது.

அவர் எழுந்து நின்றார். நாலு பேர் முதுகில் தட்டினார்கள். பெருசுக்கு வீடு விழுந்திருச்சு என்றார்கள். மூன்று வருடத்தில் அவர் மேல் இத்தனை கை பட்டதில்லை. அப்போது தனுஜா பேராசிரியரின் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். பேராசிரியர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒலிவாங்கியில் விளக்கினார். வெள்ளோட்டத்தில் கலந்துகொண்டவருக்குக் கேள்விகள் தெரியும். பதில்களை முன்கூட்டியே தயாரித்து வைத்திருப்பார். அவரைச் சேர்த்தால் ஆய்வின் தூய்மை கெடும்.

அழகுமுத்துவால் அதை மறுக்க முடியவில்லை. தயாரித்துத்தான் வைத்திருந்தார்.

பதிலாக எடுத்த சீட்டு வீரம்மாவுக்கு விழுந்தது. இரண்டு மகன்கள், இரண்டு மருமக்கள், ஏழு பேரப்பிள்ளைகளோடு மூன்று காம்பராவில் குடியிருப்பவர். தனிமையை உணர்கிறீர்களா என்று கேட்டதற்கு மூத்த மருமகள் இல்லை என்றாள். இளைய மருமகள் எப்போதாவது என்றாள். இரண்டு பேரும் அதற்குச் சண்டை பிடித்தார்கள். வீரம்மா வாய் திறப்பதற்குள் அவருடைய பதினொரு நிமிடம் முடிந்துவிட்டது.

ஒரு மணிக்கு வேன் கிளம்பத் தயாரானது. வேனில் வந்த எல்லோருக்கும் நுவரெலியாவில் பகல் சாப்பாடு சொல்லி வைத்திருந்தது. தாள்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த தனுஜாவிடம் அழகுமுத்து வந்தார்.

"மிஸ், அந்த ஒம்பதாவது கேள்விக்கு நான் பொய் சொல்லிட்டேங்க."

அவள் நிமிர்ந்தாள். "பரவாயில்ல தாத்தா. அந்தத் தாள் கணக்குல சேராது."

"சேர வேணாங்க. கேட்டுக்கிட்டாப் போதும்." அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "போன தீபாவளிக்குத்தான் மிஸ். மகன் வந்திருந்தான். எல போட்டேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு நின்னுக்கிட்டே சாப்பிட்டுட்டுப் போயிட்டான். அப்ப அதை ஒக்காந்து சாப்பிட்டதா எழுதுறதா, இல்லையான்னு எனக்குத் தெரியலீங்க. அதான் ஒங்ககிட்ட கேக்கலாம்னு."

தனுஜா பையைத் துழாவினாள். பேனா அகப்பட்டது. தாள் ஒன்றும் மிச்சமில்லை. வேன் ஹோர்ன் அடித்தது, பிறகு இன்னொரு தடவை நீளமாக அடித்தது. போயிட்டு வாறேன் தாத்தா என்று ஓடினாள். வாங்க மிஸ் என்றார் அவர், வருவாள் என்பதுபோல. வேன் வளைவில் திரும்பும்வரை நின்றுவிட்டு, வீட்டுக்குப் போய் ரேடியோவைப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

ஏழு மாதம் கழித்து நூற்று நாற்பது பக்கத்தில் அறிக்கை வந்தது. அழகுமுத்துவிடமிருந்து தெரியவந்தது மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு வரியாக இருக்கிறது: ஒரு வினாத்தாளுக்குப் பதினொரு நிமிடம் போதும்.