மெல்ல ஆறிய கண்ணாடி

கண்ணாடிக் கட்டி பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தது. உலைக்காரர் அதை ஜன்னலோரம் தூக்கிப் பிடித்தார், திருப்பிப் பிடித்தார், தலையைச் சாய்த்தும் பார்த்தார். வெளுப்பு வெளுப்பாகவே இருந்தது.

எலும்பு வளர்க்கிற கண்ணாடி அது. எலும்பு இல்லாத இடத்தில் மணி மணியாக வைத்தால் உடம்பின் நீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கரைகிற இடத்தில் எலும்புச் செல்கள் குடியேறும். இருபது வருடமாக முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் ஆய்வகத்தில் அதை உருக்கித் தந்தவர் அவர். உருகியதை வாளித் தண்ணீரில் சடாரென்று கொட்டுவார், நொறுங்கி விழும், கையைத் தட்டிக்கொண்டு டீ குடிக்கப் போவார். அவர் உலையைத் திறந்தால் எதிர்க்கட்டடத்துப் பல்லிகள் வெயில் வந்துவிட்டதென்று நிழலுக்கு நகரும் என்று பேச்சு. பேசியது அவரேதான்.

இந்த முறை கண்ணாடி அவர் மனைவியின் காலுக்கு. முழங்காலுக்குக் கீழே இரண்டு விரற்கடை எலும்பைக் கிருமி தின்றிருந்தது. "நாப்பது வருஷத்துல நீங்க கழுவின கண்ணாடி டம்ளர் ஒண்ணு முழுசா இருந்திருக்கா? இப்ப என் கால்லயே கண்ணாடி வெக்கப் போறீங்களாக்கும்" என்று கட்டிலில் படுத்தபடி கேட்டிருந்தாள். அவருக்குச் சுருக்கென்றது. அதனால் தண்ணீரில் கொட்டவில்லை. உலைக்குள்ளேயே வைத்து, ஒரு முழு நாள், தூங்கும் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல் மெல்ல மெல்ல ஆறவிட்டார். ஒரு கீறல்கூட விழவில்லை.

ஆய்வகத்தில் செல் வளர்க்கும் பெண் வந்து கட்டியை வாங்கிப் பார்த்தாள்.

"மெல்ல ஆறினதுல உள்ள படிகமாயிடுச்சுண்ணே. கல்லு மாதிரி. லேசுல கரையாது."

"எத்தன நாள் ஆகும்?"

"அண்ணி காலுக்கு அத்தன நாள் இல்ல."

கண்ணாடியைக் கிருமி நீக்க எடுத்துப்போகும் வண்டி நாலு மணிக்கு வரும். அடுத்தது பத்து நாள் கழித்து. இந்த வாரம் வைக்காவிட்டால் காலை எடுத்துவிட வேண்டியதுதான் என்று அறுவை மருத்துவர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். இப்போது மணி பத்து. மறுபடி உருக்க ஐந்தரை மணி நேரம். உலையின் சூட்டுக் கம்பிகளில் ஒன்று ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தது.

கட்டியை உடைத்துக் கிண்ணத்தில் போட்டு உலைக்குள் வைத்து, ஸ்டூலை இழுத்து, சூடு காட்டும் எண்பலகையின் எதிரே உட்கார்ந்தார். உலையைத் திட்டினார். பிறகு மன்னிப்புக் கேட்டார். பிறகு தாயே என்றார். எந்த முறைக்கும் அது மசியவில்லை. ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு பாகையில் எண் அசையாமல் நின்றபோது மனைவியிடமிருந்து போன் வந்தது.

"பண்ணியாச்சா?"

"ஆச்சு, ஆச்சு. ஆறிக்கிட்டிருக்கு."

"கால் சுண்டு விரல் அரிக்குது. குனிய முடியல. சீக்கிரம் வாங்க."

வருகிறேன் என்றார்.

ஆயிரத்து முந்நூற்று நாற்பதில், இன்னும் பத்து பாகை பாக்கி இருக்கையில், உள்ளே டப்பென்றது. எண்பலகை அணைந்தது. அவர் யோசிக்கவில்லை. கதவைத் திறந்து இடுக்கியால் கிண்ணத்தைக் கவ்வி, ஆரஞ்சுக் குழம்பை அப்படியே வாளியில் கவிழ்த்தார். தண்ணீர் அலறி அடங்கியது. அறை முழுக்க ஆவி.

நல்ல கண்ணாடி தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாது. "அண்ணே, கைய விடாதீங்க" என்று அந்தப் பெண் சொல்லும்போதே அவர் முழங்கைவரை விட்டிருந்தார். அடியில் குவிந்திருந்த ஏதோ சுருக்கென்று குத்தியது. விரலிலிருந்து மெல்லிய சிவப்பு இழையொன்று கிளம்பி நேராக மேலே வந்தது. பாதி வழியில், அங்கே ஒன்றும் இல்லாத இடத்தில், எதையோ சுற்றிக்கொண்டு வளைந்தது.